களை எடுக்கிற கை

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஏர் ஓடாத நிலங்களில் மழை விட்டதும் மளமளவென்று எழும்புவது பார்த்தீனியம். கேரட் இலை மாதிரி பிளவுபட்ட இலை. உச்சியில் வெள்ளை வெள்ளையாய்ச் சின்னப் பூ. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களில் புனேயில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். ஒரே செடி 10,000க்கும் மேல் விதை போடும். விதை முற்றிய பிறகு பிடுங்கினால், நாமே விதைத்த கதைதான்.

இதன் நஞ்சு தோலைப் புண்ணாக்கும்; மகரந்தம் மூச்சிரைப்பைக் கிளப்பும். யார் தோல்? யார் மூச்சு? மனை போட்டவன் பிடுங்குவதில்லை. சேரியிலிருந்து நம்ம பொம்பளைங்களைக் கூப்பிடுகிறான். என் அத்தை சாயங்காலம் கையை நீட்டிக் காட்டும்: "இன்னா செடியோப்பா, ராவெல்லாம் அரிக்குது." கையுறை கேட்டால் மறுநாள் வேலை இல்லை. நான் வங்கி எழுத்தர். பயிர்க்கடன் கணக்கில் விதைக்கு, உரத்துக்கு, மருந்துக்குத் தொகை உண்டு. களை எடுக்கிற கைக்கு உறை என்று ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

வழி தெரியாமல் இல்லை. பூப்பதற்கு முன், மண் ஈரமாயிருக்கையில், உறை போட்ட கையால் வேரோடு பிடுங்க வேண்டும். பயிரில்லாத இடத்தில் உப்புக் கரைசல் தெளிக்கலாம். ஆவாரை, தகரை விதைத்தால் அவை இதை அமுக்கும். இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்ககம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரமே நடத்துகிறது. விழிப்பு யாருக்கு வேண்டும்? பிடுங்குகிறவளுக்கா, பிடுங்கச் சொல்கிறவனுக்கா?

பயிர் நெருங்கி நிற்கும் நிலத்தில் இந்தச் செடி திணறும். விலை ஏறட்டும் என்று போட்டு வைத்த நிலம்தான் இதற்கு நாற்றங்கால். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டி 1892இல் நமக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. இந்த வட்டாரமும் அன்று அதே மாவட்டம். அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நிலம் நம் கையில் இருந்தால் உழுதிருப்போம். இல்லாததால்தான் அடுத்தவன் தரிசில் கூலிக்குக் குனிந்து அரிப்பை வாங்கி வருகிறோம்.

மாணவத் தோழர்களே, செடியைக் காட்டிக்கொடுக்கும் துண்டறிக்கை போதாது. கையுறையும் இல்லை, முகத்துணியும் இல்லை என்றால் களத்தில் இறங்க மாட்டோம் என்று சேரிப் பெண்கள் சொல்லட்டும். நாம் பக்கத்தில் நிற்போம். களை மண்டிய பஞ்சமி நிலம் எங்கெங்கே கிடக்கிறது என்று சர்வே எண்ணோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து வெளியிடுவோம்.

ஜெய்பீம்.