மண்ணெண்ணெயும் ஆகாய விமானமும்



பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் தொழிற்சாலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து உலை வைத்தவை பல. 1940-இல் தோன்றிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1954-இல் ஜாலஹள்ளியில் அமைந்த பாரத் எலக்ட்ரானிக்ஸும் நம்மவர் பலருக்குச் சோறிட்டன. ஆகவே ராணுவச் செலவைப் பற்றி நாம் அயலார் போல் பேசுவதற்கில்லை. ஆனால் அச்செலவு ஒருமுறை நம் அடுப்பங்கரையிலும் கை வைத்ததை இளைஞர் அறியார்.

1962-ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தை அடுத்து, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் சமர்ப்பித்த 1963-64 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முந்திய ஆண்டின் முதல் மதிப்பீட்டைவிட இஃது இரு மடங்குக்கும் மேல். பணத்துக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் மீது தீர்வை ஏறிற்று. கட்டாயச் சேமிப்புத் திட்டமும் வந்தது. சேமிப்புத் திட்டத்தை, பின்னர் வந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி அவ்வாண்டிலேயே பெரும்பாலும் கைவிட்டார். தீர்வையோ அரிக்கேன் விளக்கும் ஸ்டவ்வும் வைத்திருந்த வீடுகளைத் தேடிப் பிடித்தது. எல்லையைக் காக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதற்கு ஏழையின் விளக்கில்தானா முதலில் கை வைப்பது?

எண்ணெய் வியாபாரமோ அப்போது அந்நியக் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. 1960-இல் மலிவான சோவியத் கச்சா எண்ணெய் கிடைக்கவிருந்தபோது, பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் மூன்றும் அதைத் தம் ஆலைகளில் சுத்திகரிக்க மறுத்துவிட்டன. ஆக, ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் கம்பெனியின் லாபமும் சர்க்காரின் தீர்வையும் சேர்ந்தே எரிந்தன. 1974-க்கும் 1977-க்கும் இடையில் அக்கம்பெனிகள் நாட்டுடைமையாயின. எண்ணெயில் வரி தேடும் பழக்கம் மட்டும் போகவில்லை. 2020 மே மாதம் உலகச் சந்தையில் விலை வீழ்ந்து கிடந்தபோது, மத்திய சர்க்கார் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியைக் கூட்டிற்று. அது யுத்தத்துக்காக அன்று. எனினும் வழி பழைய வழியே.

2025-26 திட்டத்தில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி. சுகாதாரத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி. (மாநிலங்களும் சுகாதாரத்துக்குச் செலவிடுகின்றன என்பது உண்மையே, ஆயினும் இடைவெளி பெரிது.) 2025 செப்டம்பரில் 97 தேஜஸ் விமானங்களுக்காக 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் நம் ஊர்த் தொழிற்சாலைக்குக் கிட்டியது. நமக்கும் மகிழ்ச்சியே. அத்தொகையில் எவ்வளவு எவர் வீட்டு எரிபொருளிலிருந்து வருகிறது என்று கேட்பது மட்டும் துரோகமாகாது.

1963-இல் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவ்வாண்டு எதைக் குறைத்துச் சமாளித்தார்கள் என்று கேட்டு எழுதியனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.