தாத்தா எந்தத் தோட்டம்?

பள்ளி விடுமுறைக் காலத்தில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் மாச்சாப் ஓய்விடத்திலோ பாகோ ஓய்விடத்திலோ காலியாக ஒரு மேசை கிடைப்பது அதிர்ஷ்டம்தான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடும் குடும்பத்தைப் பார்த்து யாராவது, "இங்க உக்காருங்க, இடம் இருக்கு" என்று நகர்ந்து கொடுப்பார்கள். ரொட்டி சானாய் பாதி முடிவதற்குள் கேள்வி வந்துவிடும். "எந்த ஊரு?"

ஷா ஆலம் என்றோ சிரம்பான் என்றோ சொன்னால் போதாது. "அது இப்ப இருக்கிற ஊரு. முன்ன எந்தத் தோட்டம்?"

மலேசியத் தமிழர்களுக்கே உரிய கேள்வி இது. தமிழ்நாட்டில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் மாவட்டத்தையும் கிராமத்தையும் விசாரிப்பார். நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் ஊர் என்றால் அது தோட்டம்தான். தோட்டத்தின் பெயரைச் சொன்னால், பக்கத்து டவுன் எது, பிள்ளைகள் எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பார்கள், எந்த மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குப் போயிருப்பார்கள் என்பதெல்லாம் கேட்டவருக்கு விளங்கிவிடும். "குளுவாங் பக்கமா? அப்ப எங்க சின்னம்மாவைத் தெரியுமே!" என்று மூன்றாவது வாக்கியத்திலேயே உறவு முளைக்கும்.

இளையவர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவாகப் பிடிப்பதில்லை. சிலருக்குப் பதில் தெரியாது. தெரிந்த சிலருக்கோ, முன்பின் தெரியாதவர் தங்கள் பூர்வீகத்தைக் கிளறுவது விசாரணை மாதிரி இருக்கிறது. கைப்பேசியை எடுத்துக் குனிந்துகொள்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தக் கேள்வி ஏன் நெடுஞ்சாலை மேசைக்கு வந்து சேர்ந்தது என்று பார்ப்போம்.

1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கப்படும் வரை, ஜொகூரைக் கடப்பவர்களுக்குப் பழைய கூட்டரசு சாலைதான் முக்கிய வழி. சிகாமட், லாபிஸ், யோங் பெங், ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய் என்று ஒவ்வொரு டவுனுக்குள்ளும் நுழைந்துதான் போக வேண்டும். பேருந்துகள் ஆயர் ஈத்தாமில் நிற்கும். இறங்கி ஒரு தே ஓ குடித்து, சாலையோரத்து மண்பாண்டக் கடைகளை வேடிக்கை பார்த்துவிட்டு ஏறுவோம். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்தவர்களும் அங்கே நிற்பார்கள். தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய சீன மளிகைக்கடைக்காரர்களில் சிலர் நம்மிடம் தமிழிலேயே பேசுவார்கள். பயணம் போகிறவரும் உள்ளூர்க்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் அது.

இப்போது கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு உள்ள சுமார் 330 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் ஓட்டிவிடுகிறோம். டவுன்கள் பெயர்ப்பலகைகளாக வந்து போகின்றன. வழியில் முகம் தெரியாத ஒருவரோடு உட்கார்ந்து பேச மிச்சமிருப்பது ஓய்விடத்து மேசை ஒன்றுதான்.

தோட்டங்களும் பழையபடி இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்றைய இளைஞர்களுக்குக் காப்பிக் கடைகளும் கடைத்தொகுதிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு காலத்தில் அது பெரிய ரப்பர் தோட்டத்தின் பெயர். 2012-இல் லெகோலேண்ட் திறந்த நுசாஜெயா வட்டாரத்தில் அதற்கு முன்னால் பரந்து கிடந்தவை செம்பனைக் காடுகள். இன்று அந்த நகரத்தின் பெயர் இஸ்கண்டார் புத்ரி. சாலை வரைபடத்தில் தேடினால் பழைய லயங்கள் கிடைக்காது. அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டால்தான் உண்டு.

போன விடுமுறையில் மாச்சாப்பில் எங்கள் எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. மகள் வீட்டார் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் என் மகனிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவன் ஷா ஆலம் என்றான். "சரி, தாத்தா எந்தத் தோட்டம்?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். "ரெங்கம் பக்கம், ஐயா" என்று நான் சொன்னேன்.

"நான் மவுண்ட் ஆஸ்டின்ல பொறந்தவன் தம்பி. ஆறு வயசுலயே அம்மாவோட வெட்டுக்காட்டுக்குப் போய் மங்கு தொடப்பேன்."

"மங்குன்னா என்ன தாத்தா?"

பெரியவர் மேசையில் இருந்த காகிதக் குவளையை எடுத்து, பக்கத்திலிருந்த தூணில் சாய்த்துப் பிடித்தார். விரலால் தூணில் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "இதுதான் மரம். இப்படி வெட்டுவாங்க. பால் இந்தக் கோட்டு வழியா எறங்கி இதுல சொட்டும். இதுதான் மங்கு. மழை பேஞ்சா எல்லாம் போச்சு, அன்னைக்குக் கூலி இல்ல." பிறகு சிரித்தார். "இப்ப அங்க என் பேரன் காப்பிக் கடையில வேலை பாக்குறான். ஒரு காப்பி பதினாலு வெள்ளியாம். எங்கம்மாவுக்கு அப்ப நாள் முழுக்க வெட்டினாலும் மூணு வெள்ளி வராது."

மகள் தட்டுகளோடு வந்தார். "அப்பா, மறுபடியும் தோட்டத்துக் கதையா?" என்றார். பெரியவர் உடனே அடங்கிவிட்டார்.

இந்தப் பேச்சுகளின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டில் அந்தக் கதையை நூறு முறை கேட்டாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது பழசு. பெரியவர்களும் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள். புதிதாக ஒருவர் எதிரே உட்கார்ந்து, "அப்படியா ஐயா?" என்று கேட்கும்போதுதான் அது மறுபடியும் வெளியே வருகிறது. மங்கு என்ற சொல்லை என் மகன் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான். அவனுடைய பாட்டியும் மங்கு துடைத்தவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே இருக்கவில்லை.

கேட்காமல் விட்டால் தொலைவது சொற்கள் மட்டுமல்ல. ஜப்பானியர் ஆட்சியில், 1942-43 ஆண்டுகளில், சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். அங்கே இறந்த போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் இருக்கின்றன. செத்துப்போன தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதுகூட இல்லை. "எங்க பெரியப்பா சயாமுக்குப் போனவரு, திரும்பி வரல" என்று யாரோ ஒருவர் சொல்வதுதான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் பதிவு. அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள்.

அந்நியரோடு பேசினால் அலுப்பாக இருக்கும் என்று நாம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறோம். 2014-இல் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் சிகாகோவில் வேலைக்கு ரயிலில் போகிறவர்களிடம் ஒரு சோதனை நடத்தி, முடிவுகளை வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியே இருக்கச் சொன்னார்கள். தனியாக இருப்பதுதான் இனிமை என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. எதிராளிக்குப் பேச விருப்பமிருக்காது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோம், அவ்வளவுதான்.

இனி இளையவர்களின் நியாயத்துக்கு வருகிறேன். "எந்தத் தோட்டம்?" என்பதோடு எல்லாரும் நிறுத்துவதில்லை. அடுத்து, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். தோட்டத்தின் பெயரும் குலதெய்வமும் அந்த இடத்துக்குப் போகும் படிக்கட்டுகள்தான் அவர்களுக்கு. ஒரே மணிச் சத்தத்துக்கு எழுந்து, ஒரே பெரட்டில் நின்று, ஒரே கூலி வாங்கியவர்களிடையேகூட லயத்திலும் கோவிலிலும் அந்தக் கோடு இருந்தது. அதை நெடுஞ்சாலை வரை ஏன் இழுத்து வர வேண்டும்? அந்தக் கேள்வி ஒரு முறை வந்துவிட்டால் பிறகு எந்தப் பெரியவர் எதைக் கேட்டாலும் இளையவர்களுக்குச் சந்தேகம்தான் வரும். அவர்கள் கைப்பேசிக்குள் ஒளிந்துகொள்வதில் வியப்பில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் பொறியாளர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். "தோட்டத்து ஆளுங்கதான், அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, "உங்க தோட்டத்துல பெரட்டு எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பார். மரியாதையும் கெடவில்லை, பேச்சும் அறுபடவில்லை. கேட்டவருக்கும் புரிந்துவிடுகிறது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளைப் பற்றிக் கேட்காமல் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆயிற்றா, இன்னும் ஏன் குழந்தை இல்லை என்பவை பேச்சை மூடும் கேள்விகள். அந்தத் தோட்டத்தில் பள்ளி எங்கே இருந்தது, படம் காட்ட வருவார்களா, திருவிழாவுக்கு யார் கூத்துக் கட்டுவார்கள் என்பவை திறக்கும் கேள்விகள். இளையவர்களும் வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் கொடுக்காமலேயே இருபது நிமிடம் நன்றாகப் பேசலாம். பெயர்கூடத் தேவையில்லை. எங்களோடு பேசிய பெரியவரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

நம்மவர்களோடு மட்டும்தான் இது என்றில்லை. பக்கத்து மேசையில் ஒரு பாக்சிக் இருந்தால், "டாரி மானா?" என்று நீங்களே தொடங்கலாம். அவருக்கும் ஒரு கம்போங் இருக்கும். நெடுஞ்சாலை அதையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போயிருக்கும்.

அடுத்த விடுமுறைக்குக் காரில் ஏறுவதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அப்பாவையோ அம்மாவையோ பாட்டியையோ தொலைபேசியில் அழைத்து, தோட்டத்தின் பெயரைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்த டவுனுக்குப் பக்கம், எந்த ஆண்டு அங்கிருந்து கிளம்பினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஓய்விடத்தில் யாராவது கேட்டால் பிள்ளைகளே பதில் சொல்லட்டும். அதற்கு மேல் பேச வேண்டியதை எதிரே இருப்பவர் பார்த்துக்கொள்வார்.