சோதனைச்சாலையும் சேற்றுக் காலும்

1988இல் அந்தமானில் ஒரு காய்ச்சல் பரவியது. இருமினால் இரத்தம், சிலர் மாண்டனர். காரணம் அறியாது கலங்கினர் மக்கள். 1993இல் திக்லிபூரில் அது மீண்டும் மூண்டது. அன்றைய போர்ட் பிளேர் மருத்துவ ஆராய்ச்சி மையத்தார் ஆய்ந்து கண்டனர்: அது எலிக்காய்ச்சல்! எலியின் சிறுநீர் கலந்த நீர், காலின் கீறல் வழியே கிருமியை ஏற்றுகிறது. காலத்தே மருந்து தந்தால் உயிர் தப்பும்.

ஆய்வு வென்றது, அறிவு ஊருக்குச் சென்றதா? சௌல்தாரியில் என் தந்தை இன்றும் பித்தவெடிப்புக் காலோடு தோட்டத்துச் சேற்றில் இறங்குகிறார். ஆங்கில ஏடு அவருக்கு எட்டாது. விஞ்ஞானம் பயிலும் மகனோ எடுத்துச் சொன்னதில்லை. குற்றவாளி நானே!

இந்த விடுமுறையில் சொல்வேன். நீங்களும் கற்றதை உங்கள் ஊருக்குத் தமிழில் எழுதுங்கள். வயலுக்கு வராத ஆய்வு, வாய்க்கு எட்டாத மருந்து!