பழைய லென்ஸும் ஜொகூரின் ஈரமும்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி அமைந்த லாயாங் லாயாங் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில் பறவைகளைப் படமெடுக்க ஆசைப்படும் ஒருவர், புதிய டெலிபோட்டோ ஜூம் லென்ஸின் விலையைக் கேட்டுப் பின்வாங்கி, இருபது முப்பது ஆண்டுப் பழைய லென்ஸின் பக்கம் திரும்புவது இயல்பே. டெலிபோட்டோ என்பது தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் நெடுங்குவிய லென்ஸ். ஜூம் என்பது அந்தக் குவியத்தூரத்தை, 80 மில்லிமீட்டரிலிருந்து 200 வரை என்பதுபோல், ஒரே குழலுக்குள் மாற்றிக்கொள்ளும் வசதி. இவ்விரண்டும் சேர்ந்த பழைய லென்ஸ்கள் மூடா, கரோசல் ஆகிய இணையச் சந்தைகளிலும், சிங்கப்பூரின் பெனின்சுலா வட்டாரத்துக் கேமரா கடைகளிலும் நியாயமான விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவோர் பெரும்பாலும் லென்ஸின் வயதைத்தான் விசாரிக்கிறார்கள். அது இத்தனை காலமும் எந்த வீட்டில், எந்த அலமாரியில் கிடந்தது என்று விசாரிப்போர் குறைவு.

லென்ஸில் மூப்படைவது கண்ணாடி அன்று. நல்ல சூழலில் வைத்திருந்தால் அரை நூற்றாண்டு கடந்த பின்னும் கண்ணாடி ஒளியை முன்போலவே வளைக்கும். கண்ணாடித் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்த பசை, குழல்கள் வழுக்கி நகர்வதற்காகப் பூசிய மசகு, பிடிவளையத்தின் ரப்பர், மின்சுற்று, மோட்டார் ஆகியவையே மூப்படைகின்றன. இதனால் சந்தையில் ஒரு முரண் தோன்றுகிறது: மிகப் பழைய லென்ஸைவிட ஓரளவு பழைய லென்ஸை வாங்குவதே சில வேளைகளில் ஆபத்தானது. மினோல்டா நிறுவனம் 1985இல் தன் 7000 கேமராவோடு வெளியிட்ட 70-210 எஃப் 4 லென்ஸில் மோட்டாரே கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார் ஒரு சிறு தண்டின் வழியே அதன் குவியத்தைத் திருப்புகிறது. 1987இல் கேனன் தொடங்கிய ஈஎஃப் வரிசையிலோ ஒவ்வொரு லென்ஸும் தன் மோட்டாரைத் தானே சுமக்கிறது. அந்த மோட்டார் நின்று, உதிரிபாகமும் தயாரிப்பில் இல்லாமல் போய்விட்டால், பழுதில்லாத கண்ணாடியைத் தாங்கிய லென்ஸ்கூடப் பாதிப் பயனையே தரும்.

ஜொகூரில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பகை பூஞ்சை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைவான தூரத்தில், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் லாயாங் லாயாங் வட்டாரத்தில், காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அறுபது எழுபதைத் தாண்டிய ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால், கண்ணாடியின் மேல் படிந்த தூசியிலும் விரல் எண்ணெயிலும் பூஞ்சை வித்துகள் முளைத்துச் சிலந்தி இழைபோலப் படர்கின்றன. பூஞ்சை வெறும் அழுக்காக இருந்தால் துடைத்துவிடலாம். ஆனால் அது கசியும் அமிலம், எதிரொளிப்பைத் தடுப்பதற்காகக் கண்ணாடியின் மேல் இட்ட மெல்லிய பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியிலேயே வடுவை விட்டுவிடுகிறது. பயன்படுத்தாமல் தோல்பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டிப் பத்திரப்படுத்திய லென்ஸே இதற்கு முதலில் பலியாகிறது. தினமும் வெயிலில் அலைந்து வெளிக்குழல் கீறிப்போன லென்ஸின் உட்புறமோ பல நேரங்களில் தெளிவாக இருக்கிறது. புதிதுபோல் மின்னும் பழைய லென்ஸைக் கண்டு மயங்காதவரே நல்ல பொருளோடு வீடு திரும்புவார். ஜப்பானிலிருந்து வந்தது என்ற விளம்பரத்தையும் முழு நற்சான்றாகக் கொள்ள முடியாது. ஜப்பானின் கோடையும் ஈரமானதே.

ஜூம் லென்ஸுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. குழலை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் குவியத்தூரத்தை மாற்றும் வடிவங்கள் ஒவ்வொரு அசைவிலும் கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. காற்றோடு தூசியும் ஈரமும் நுழைகின்றன. கேனன் 1998இல் வெளியிட்ட 100-400 லென்ஸுக்குப் படமெடுப்போர் வட்டாரத்தில் தூசி பம்பு என்றே கேலிப்பெயர் ஏற்பட்டது. சிறிதளவு தூசி படத்தில் தெரியாது, அதற்காக அஞ்ச வேண்டியதும் இல்லை. ஆயினும் செம்பனைத் தோட்டத்தின் லேட்டரைட் செம்மண் சாலைகளில் அலையும் ஒருவர், ஜூம் செய்யும்போது நீளம் மாறாத வடிவத்தைத் தேடுவது நல்லது.

லென்ஸ் கேமராவோடு பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. பொருந்திய பிறகும் வேலை செய்யுமா என்பது அதற்கும் அடுத்தது. நிக்கான் 1959இல் வகுத்த எஃப் வாயமைப்பு, அதாவது லென்ஸைக் கேமராவில் பூட்டும் உலோக வளையம், இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஆதலால் தனக்கென மோட்டார் இல்லாத 1990களின் 80-200 எஃப் 2.8 லென்ஸ் டி40, டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் சிக்கலின்றிப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கேமராக்களுக்குள் மோட்டார் இல்லாததால் தானாகக் குவியாது. டி90, டி7000 வரிசையில் குவியும். மிரர்லெஸ் எனப்படும், உள்ளே ஆடி இல்லாத நிக்கான் இசட் கேமராக்களுக்காக 2018இல் வந்த எஃப்டிஇசட் இணைப்பியிலும் அந்த மோட்டார் கிடையாது. கேனனோ 1987இல் பழைய எஃப்டி வாயமைப்பை ஒரேயடியாகக் கைவிட்டு, அதற்குமுன் வாங்கியவர்களின் சினத்துக்கு ஆளானது. பதிலாக அதற்குப்பின் வந்த ஈஎஃப் லென்ஸ்கள் இன்றைய ஆர்எஃப் கேமராக்களிலும் இணைப்பி வழியே முழுமையாக இயங்குகின்றன. மினோல்டா லென்ஸ்களை, 2006இல் அந்நிறுவனத்தின் கேமராத் தொழில் கைமாறிய பிறகு, சோனி கேமராக்கள் ஏற்றுக்கொண்டன. சில பழைய லென்ஸ்கள் மலிவாக இருப்பதன் காரணம் கண்ணாடியின் தரத்தில் இல்லை. அவை அனாதையான வாயமைப்பில் பிறந்தவை என்பதே காரணம்.

எவ்வளவு குவியத்தூரம் போதும் என்பதை ஆசை சொல்வதைவிடக் கணக்கு சொல்வது தெளிவு. ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய உணரி கொண்ட கேமராவில் 200 மி.மீ. லென்ஸைப் பூட்டி இருபது மீட்டர் தூரத்தில் குறிவைத்தால் சட்டத்துக்குள் அடங்கும் அகலம் ஏறத்தாழ 2.4 மீட்டர். வாய்க்கால் ஓரத்தில் அமர்ந்திருக்கும் 28 செ.மீ. வெண்மார்பு மீன்கொத்தி அதில் எட்டில் ஒரு பங்கை நிரப்பும். 24 மெகாபிக்சல் படத்தில் இது சுமார் 700 புள்ளிகள். கைப்பேசித் திரைக்கு இது போதும், சுவரில் மாட்ட ஒருபோதும் போதாது. வானில் வட்டமிடும் செம்பருந்துக்கும் 300 மி.மீ.க்குக் குறைந்தால் ஏமாற்றமே.

குவியத்தூரத்துக்கு நிகராகத் துளையும் முக்கியம். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை ஒளி நுழையும் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண். ஆகவே 200 மி.மீ.யில் எஃப் 2.8 என்றால் துளை சுமார் 71 மி.மீ. அகலம், எஃப் 5.6 என்றால் 36 மி.மீ. மட்டுமே. முன்னது நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது, எடையும் விலையும் அதற்கேற்ப ஏறுகின்றன. அந்தக் கூடுதல் ஒளி இங்கே காலையில் தேவைப்படும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்தள்ளப்பட்டதால் இங்கே கதிரவன் ஏழு மணியை ஒட்டியே எழுகிறான். செம்பனை மட்டைகளின் நிழலில் எட்டு மணிக்கும் வெளிச்சம் மங்கல்தான், பத்து மணிக்கு மேலோ சூடேறிய காற்று அலைந்து தொலைவிலுள்ள உருவத்தைக் கரைக்கிறது. எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகத் தோட்டங்களில் கூடுப்பெட்டி வைத்து வளர்க்கும் கூகையை, அது வேட்டைக்குக் கிளம்பும் இருட்டில், மலிவு விலை எஃப் 5.6 லென்ஸால் பிடிப்பது வீண்முயற்சி. பழைய லென்ஸ்களில் அதிர்வுத் தடுப்பு இல்லையே என்று வருந்துவோர் உண்டு. அது கையின் நடுக்கத்தை அடக்குமே அன்றிப் பறவையின் சிறகசைவை அடக்காது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுப்பவருக்கு அதனால் பெரிய இழப்பில்லை.

கருவியின் குறையைப் பொறுமை ஓரளவு ஈடுசெய்யும். நிக்கான் தன் முதல் டெலிபோட்டோ ஜூமை 1959இல்தான் அறிவித்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, கோலாலம்பூரில் பிறந்து கேத்தே திரைப்பட நிறுவனத்தை நடத்திய லோக் வான் தோ, மறைவிடங்களில் காத்திருந்து எடுத்த பறவைப் படங்களை ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். சென்னையின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டு, அதைச் சுமந்தே காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்தார். அவர்களைப் போலப் பொறுமை காத்து, மேற்சொன்ன மீன்கொத்தியை இருபது மீட்டருக்குப் பதில் பத்து மீட்டரில் நெருங்கினால் 200 மி.மீ. லென்ஸே 400இன் வேலையைச் செய்துவிடும். எந்தக் கடையிலும் கிடைக்காத இந்தத் தள்ளுபடி பொறுமையுள்ளவருக்கு மட்டுமே வாய்க்கிறது.

இணையத்தில் பேசி முடித்த பொருளை நேரில் கண்டு பணம் கொடுப்பதை மலேசியச் சந்தையில் சிஓடி என்கிறார்கள். பழைய லென்ஸுக்கு அஞ்சல் வழியைவிட இதுவே பாதுகாப்பு. வாங்குபவர் தம் கேமராவையும் ஒரு சிறு கைவிளக்கையும் எடுத்துச் செல்ல வேண்டும். லென்ஸின் பின்புறத்திலிருந்து ஒளியைச் சாய்வாகச் செலுத்தி முன்புறம் வழியே நோக்கினால் பூஞ்சை இழையும், மசகு ஆவியாகிப் படிந்த மூட்டமும், பசை விட்டுப்போன இடத்தில் வானவில் நிற வளையமும் தெரிந்துவிடும். துளையின் தகடுகளில் எண்ணெய் மினுங்கினால் விலகிவிடுவது நலம். பிறகு செங்கல் சுவர் ஒன்றை, துளையை முழுதும் திறந்து, குறைந்த குவியத்திலும் நெடிய குவியத்திலும் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உட்கண்ணாடி சாய்ந்திருக்கக்கூடும். கறுத்த கிளைகளின் ஓரத்தில் ஊதா விளிம்பு தோன்றுவது பழைய லென்ஸ்களுக்கு இயல்பு, அதில் ஒரு பகுதியை மென்பொருள் நீக்கிவிடும். சாய்ந்த கண்ணாடியை எந்த மென்பொருளும் நிமிர்த்தாது.

கேனன் வைத்திருப்பவருக்கு 1999இல் வந்த 70-200 எஃப் 4, மோட்டார் தடையின்றி ஓடினால், இவ்வட்டாரத்துக்கு மிகப் பொருத்தமானது: எடை 705 கிராம், ஜூம் செய்யும்போது நீளம் மாறாது. நிக்கானின் 80-200 எஃப் 2.8இல் தள்ளியிழுக்கும் முதல் வடிவத்தை விடுத்து இரு வளைய வடிவத்தைத் தேடலாம். எதை வாங்கினாலும், ஈரப்பதத்தை நாற்பது ஐம்பது விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டி ஒன்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே பேரத்தில் இறங்க வேண்டும். அதற்குப் பணம் மிஞ்சாதவர் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவை நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். சிலர் சொல்வதுபோல் அரிசிக்குள் புதைப்பது மட்டும் வேண்டாம். அரிசித் தூள் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு.