மைக்குக்கு யார் பொறுப்பு?

பாட்டுக் கேட்கும்போது தேனாக ஒலிக்கும் வயரில்லா ஹெட்செட், பேசத் தொடங்கியதும் பழைய டிரங்கால் போலக் கரகரக்கிறது. காரணம், புளூடூத்தில் இரண்டுக்கும் வழி வேறு. பாட்டுக்கு ஏ2டிபி: ஒருவழிப் பாதை, தரமான ஸ்டீரியோ. பேச்சுக்கு எச்எஸ்பி, எச்எஃப்பி: குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்ப முடியும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் சில காலம் அந்தக் கரகரப்புக்கும் வழியில்லை. 2012 டிசம்பரில் வெளியான புளூஸ் 5 என்ற புளூடூத் மென்பொருள், ஹெட்செட் பேச்சைக் கவனிக்கும் பொறுப்பைக் கைகழுவியது. அதை வேறு மென்பொருள்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஒலியை நிர்வகித்த பல்ஸ்ஆடியோ, 2014-ல் வந்த 5.0 பதிப்பில் புளூஸ் 5-உடன் கைகோத்தது. ஆனால் பாட்டுக்கு மட்டும். 2015-ல் வந்த 6.0 பதிப்புதான் மைக்கின் மௌனத்தைக் கலைத்தது.

கம்பெனி என்றால் மேலதிகாரி ஒருவர் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். திறந்த மூல உலகில் உத்தரவு போட ஆளில்லை. யாராவது மனம் வைக்க வேண்டும். விம் டேமன்ஸ் அப்படி மனம் வைத்தவர். அவர் உருவாக்கிய பைப்வயர், 2021-ல் ஃபெடோரா 34-ல் பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பிடித்தது. குரலை நொடிக்கு 16,000 முறை அளக்கும் எம்எஸ்பிசி முறையும் அதில் உண்டு. பேச்சு தெளிந்தது, ஆனாலும் பாட்டின் தரத்தை எட்டவில்லை.

மூல நிரல் எல்லோருக்கும் திறந்தே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலைப் பெருக்கத்தான் ஆள் வர நாளாயிற்று.