ஜப்பானியம் கற்பிக்க ஆசிரியர் எங்கே?

2025 ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் மோடி டோக்கியோ சென்றபோது, மனிதவளப் பரிமாற்றத்துக்கான செயல்திட்டம் ஒன்றை இந்தியாவும் ஜப்பானும் அறிவித்தன. ஐந்தாண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும். அதில் 50,000 பேர் வேலைத்திறனோடு இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குச் செல்ல வேண்டும் என்பது இலக்கு. அதன் பிறகு காதில் விழும் பேச்செல்லாம் விசா எப்படி, சம்பளம் எவ்வளவு, எந்த ஏஜென்ட்டை நம்பலாம் என்பதாகவே இருக்கிறது. அந்த 50,000 பேரில் பெரும்பாலோரை வகுப்பறையில் உட்காரவைத்து, ஹிரகானா எழுத்தில் தொடங்கி, முதியோர் இல்லத்தின் பணிக் குறிப்பேட்டைப் படிக்கும் அளவுக்குக் கொண்டுவந்து சேர்க்கப்போவது யார் என்ற கேள்வி அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

ஜப்பானிய மொழியும் தெரியும், கற்பித்த அனுபவமும் உண்டு, எனக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்கும். இந்த ஏற்பாடு முழுவதிலும் கிடைக்காத ஆள் நீங்கள்தான். அதற்கேற்ற ஊதியமும் மதிப்பும் இன்னும் வரவில்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டிய நேரம் இது.

ஜப்பானின் தேவை கற்பனை அல்ல. 2024-இல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 சதவீதம் பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2019-இல் கொண்டுவந்த ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவின் கீழ், 2024 தொடங்கி ஐந்தாண்டுகளில் 8.2 லட்சம் பேர் வரை எடுத்துக்கொள்ள அந்நாட்டு அரசு முடிவு செய்தது. முதியோர் பராமரிப்பு, கட்டுமானம், வேளாண்மை, உணவு உற்பத்தி என்றிருந்த துறைகளோடு ஓட்டுநர் வேலை, ரயில்வே போன்றவையும் சேர்ந்து மொத்தம் 16 ஆயின. பெரும்பாலான துறைகளுக்கு ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் (என்-5 தொடக்க நிலை, என்-1 உச்ச நிலை) என்-4, அல்லது அதற்கு இணையான ஜே.எஃப்.டி. பேசிக் தேர்ச்சி வேண்டும். பராமரிப்பு வேலைக்கு அந்தத் துறையின் ஜப்பானியத்துக்கென்றே தனியாக இன்னொரு தேர்வும் உண்டு.

இந்த விசாவுக்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2021 ஜனவரியிலேயே கையெழுத்திட்டது. ஆனாலும் வியட்நாம், இந்தோனேசியா, மியான்மர், நேபாள இளைஞர்கள் நம்மை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. மொழி வகுப்பு அவற்றில் முக்கியமானது. இந்தோனேசியாவில் மேல்நிலைப் பள்ளியிலேயே ஜப்பானிய மொழி படிக்கலாம். ஜப்பானிய அரசு சார்ந்த பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷனின் 2021 கணக்கெடுப்பின்படி அங்கே அந்த மொழியைப் படிப்பவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். வியட்நாம் 2016-இல் சில தொடக்கப் பள்ளிகளிலேயே சோதனை முறையில் கற்பிக்கத் தொடங்கியது. அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் படிப்பவர்கள் சுமார் 36,000.

இது தில்லிக்கும் டோக்கியோவுக்கும் தெரியாத விஷயம் அல்ல. 2017 செப்டம்பரில் ஜப்பானின் அன்றைய பிரதமர் ஷின்சோ அபே இந்தியா வந்தபோது, ஐந்தாண்டுகளில் 100 உயர்கல்வி நிறுவனங்களில் ஜப்பானிய மொழிப் படிப்பு, 1,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே தில்லியில் ஆசிரியர் பயிற்சி மையமும் வந்தது. நல்ல முயற்சி. ஆனால், பயிற்சி கொடுப்பது ஒன்று. பயிற்சி பெற்றவரை வகுப்பறையிலேயே தங்கவைப்பது வேறு. என்-2 முடித்த ஒருவரை ஐ.டி. நிறுவனமோ கார் உதிரிபாகத் தொழிற்சாலையோ மாதச் சம்பளம், பி.எஃப்., மருத்துவக் காப்பீடு என்று எல்லாம் கொடுத்து அழைத்துக்கொள்கிறது. மொழிப் பயிற்சி நிலையத்தில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மணிக்கணக்குக் கூலி. வகுப்பு நடந்தால் பணம். பேட்ச் கலைந்தால் இல்லை. பாடம் தயாரிக்கும் நேரமும், நோட்டுத் திருத்தும் நேரமும் கணக்கில் வருவதில்லை. குடும்பம் நடத்த வேண்டியவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? அவர் போன இடத்தில் என்-4 தேறிய பழைய மாணவர் வந்து என்-5 வகுப்பை எடுக்கிறார். அவர்மீது குறை இல்லை. தெரிந்ததை நேர்மையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் அவருக்குத் தெரியாதது அடுத்த பேட்சுக்கும் தெரியாமல் போகிறது.

கற்பித்த அனுபவம் வகுப்பறைக்கு வெளியிலும் எவ்வளவு பயன்படும் என்பதைத் தொழிற்சாலையில் பார்க்கலாம். ஒரகடம், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீசிட்டி வட்டாரங்களில் ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் உள்ளன. அப்படி ஓர் ஆலையில், அழுத்த இயந்திரத்தின் பக்கத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள்: ஜப்பானிய நிபுணர், சூப்பர்வைசர், மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிய நிபுணர் கையில் ஓரத்தில் பிசிறு விழுந்த பாகம். ஏன் என்கிறார். “டை தேஞ்சிருக்கு சார், மாத்திடறோம்” என்கிறார் சூப்பர்வைசர். அந்த வாக்கியத்தை மட்டும் ஜப்பானியத்தில் சொல்லிவிட்டு நின்றால் மொழிபெயர்ப்பாளர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். நிபுணர் மறுபடியும் ஏன் என்பார்: டை ஏன் தேய்ந்தது, தேய்ந்தது ஏன் முன்பே தெரியவில்லை, எத்தனை பாகத்துக்கு ஒருமுறை சோதிக்கிறீர்கள், அந்தப் பதிவேடு எங்கே. ஐந்து முறை ஏன் என்று கேட்டு வேர்வரை போவது அவர்களின் வேலைமுறை. சூப்பர்வைசருக்கோ, தன்னை நிற்கவைத்து விசாரிப்பதுபோல முகம் சுருங்குகிறது. இது திட்டு அல்ல என்று சூப்பர்வைசருக்கும், “மாத்திடறோம்” என்பதில் இன்னும் தேதி இல்லை என்று நிபுணருக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் புரியவைக்க வேண்டும். கேட்பவரின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரியவில்லை என்று கண்டுபிடிக்கும் பழக்கம் வகுப்பறையில் நின்றவர்களுக்கு வந்துவிடும். ஐ.டி. துறையில் ஜப்பானிய வாடிக்கையாளருக்கும் நம் ஊர்க் குழுவுக்கும் இடையே பாலமாக நிற்கும் ‘பிரிட்ஜ் இன்ஜினியர்’ வேலைக்கும் இதே திறன்தான் அடிப்படை. ஜப்பானிய மேலாளர்களுக்கு நம் ஊர் வேலைப் பழக்கத்தையும், நம் ஊழியர்களுக்கு அவர்களின் பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்கும் நிறுவனப் பயிற்சியாளர் வேலையும் இதன் தொடர்ச்சியே. மணிக்கணக்குக் கூலியிலிருந்து வெளியே வர விரும்பும் ஆசிரியர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எழுத்து மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கையேடுகளையும் மின்னஞ்சல்களையும் இயந்திரம் சில நொடிகளில் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. மனிதருக்கு மிஞ்சுவது சரிபார்க்கும் வேலை, அதுவும் குறைந்த விலைக்கு. சட்டம், காப்புரிமை, மருத்துவம் என ஏதாவது ஒரு துறையில் ஆழமாக இறங்கியவர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

நான் மிகவும் முக்கியமாக நினைப்பது தமிழ்வழிக் கற்பித்தலை. சென்னையிலேயே பல வகுப்புகளில் ஜப்பானிய இலக்கணம் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து நர்சிங் படித்த ஒரு பெண், முதலில் ஆங்கில விளக்கத்தைப் புரிந்துகொண்டு, பிறகு அதிலிருந்து ஜப்பானியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பது ஜப்பானியத்தில் ‘கினோ கத்தா ஹொன்’. நேற்று, வாங்கிய, புத்தகம்: சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலத்திலோ புத்தகத்தை முன்னே வைத்து மற்றதைப் பின்னால் ஒட்ட வேண்டும். ‘தம்பி பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான்’ என்ற வாக்கியத்தில் ‘இல்’ வரும் இடத்தில் அவர்களுக்கு ‘தெ’. ‘கு’ வரும் இடத்தில் ‘நி’. வினை அங்கேயும் கடைசியில். குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பதும், ஒற்று இரட்டித்தால் வேறு சொல்லாகும் என்பதும் தமிழ் மாணவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியவையே அல்ல. ‘ட்சு’ என்ற ஒலியும், ‘வ’ (wa), ‘க’ (ga) என்ற இடைச்சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாடும், ‘கான்ஜி’ எனப்படும் சீன வழி எழுத்துகளும்தான் நம்மவர்களைத் திணறடிப்பவை. வகுப்பு நேரத்தை அங்கே செலவிடலாம்.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ முன்வைத்த கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அது தனி விவாதம். வாக்கிய அமைப்பில் உள்ள ஒற்றுமையைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்த அந்த விவாதத்தின் முடிவு தேவையில்லை. தமிழில் முறையான இலக்கண விளக்கம், பராமரிப்பு வேலைக்கான சொற்பயிற்சி, கேட்டுப் பழகும் பாடங்கள் ஆகியவற்றை எழுத இன்று ஆள் வேண்டும். என்-2 அளவு மொழியும் பத்தாண்டு வகுப்பு அனுபவமும் உள்ள ஒருவர் செய்யக்கூடிய வேலை இது. தனிப் பயிற்சியாகவும், இணைய வகுப்பாகவும், பாடநூலாகவும் இதில் வருமானம் உண்டு. நர்சிங் கல்லூரியில் கற்பித்துக்கொண்டே ஜப்பானியமும் படித்திருப்பவர்கள் இன்னும் அரிது. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தகுதியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சும் இல்லை, எழுதுவதும் இல்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். என்-2 சான்றிதழ் கையில் இருந்தும் ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழ் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. மாணவர்கள் கேட்டுப் பழகப்போவது ஆசிரியரின் பேச்சைத்தான். ஜப்பான் ஃபவுண்டேஷன் சைத்தாமா மாநிலத்தின் உராவாவில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கென்றே பயிற்சிகள் நடத்துகிறது. சென்னையில் ஜே.எல்.பி.டி. தேர்வை நடத்தும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் நீண்ட காலமாக மொழி வகுப்புகளையும் நடத்திவருகிறது. பள்ளி ஆசிரியர்களுக்கு அதிகம் தெரியாத வழி ஒன்றும் உண்டு: ஜப்பானிய அரசின் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை. ஐந்தாண்டு பணி அனுபவமும் 35-க்குக் குறைந்த வயதும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கே தங்கி மொழிப் பயிற்சியும் கல்வியியல் பயிற்சியும் பெறலாம்.

ஜப்பானிலேயே கற்பிக்க விரும்புபவர்களுக்கு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் முக்கியமானது. ‘பதிவுபெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்’ என்ற தேசியத் தகுதியை அது உருவாக்கியது. முதல் தேர்வு அதே ஆண்டு நவம்பரில் நடந்தது. எந்த நாட்டவரும் எழுதலாம், ஆனால் கேள்வித்தாள் முழுவதும் ஜப்பானியத்தில். அங்கே இந்த மொழியைக் கற்பிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. கற்பித்தலைக் குறைத்து மதிப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல.

ஆசிரியரின் பொறுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். ஆள் அனுப்பும் நிறுவனமே மொழி வகுப்பையும் நடத்தும்போது, சீக்கிரம் தேறவைத்து விமானம் ஏற்றினால் போதும் என்ற நெருக்கடி ஆசிரியர்மீது விழுகிறது. மாணவர்கள் நம்புவதும் ஆசிரியரைத்தான். ‘குறிப்பிட்ட திறன் பணியாளர்’ விசாவின் முதல் நிலையில் பொதுவாக ஐந்தாண்டுதான் தங்கலாம், குடும்பத்தை உடன் அழைத்துப்போக முடியாது. பராமரிப்புத் துறையில் மூன்றாண்டு வேலை பார்த்து அங்குள்ள தேசியத் தேர்வில் தேறினால் குடும்பத்தோடு தங்கும் வழி திறக்கும். 2022 முதல் யென் மதிப்பு வெகுவாகச் சரிந்திருப்பதால், பழைய கணக்கில் ரூபாயை எதிர்பார்க்கக் கூடாது. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இவ்வளவையும் முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்ல ஆசிரியருக்குச் சுதந்திரம் வேண்டும். நகையை அடகு வைத்துவிட்டுப் படிக்க வரும் பிள்ளைக்கு என்-4 எவ்வளவு முக்கியமோ, இந்தத் தகவலும் அவ்வளவு முக்கியம்.

அந்தச் சுதந்திரம் நிரந்தர வேலையிலிருந்துதான் வரும். அதற்கு இந்த மொழி முறையான கல்வியில் இடம்பெற வேண்டும். இலங்கையில் க.பொ.த. உயர்தரத் தேர்வுக்கு ஜப்பானிய மொழியை ஒரு பாடமாகவே எடுக்கலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். இந்தியாவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தில்லிப் பல்கலைக்கழகம், சாந்திநிகேதனின் விஸ்வபாரதி ஆகிய இடங்களில் இந்த மொழிக்குத் துறைகள் இருக்கின்றன, யு.ஜி.சி. நெட் தேர்விலும் இது ஒரு பாடம், சி.பி.எஸ்.இ. பட்டியலிலும் உண்டு. ஜப்பானிய முதலீட்டை வருந்தி அழைக்கும் தமிழ்நாடு, அரசு நர்சிங் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் ஜப்பானிய மொழி ஆசிரியருக்கு முறையான பணியிடங்களை உருவாக்கலாம். மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு இடங்களில் தொடங்கினாலே போதும். ஆளெடுப்பிலிருந்து கற்பித்தலைப் பிரித்து, அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அனுப்பும் மாணவர்களுக்கும் அங்கேயே வகுப்பு நடத்தலாம்.

அதுவரை தனியார் நிலையங்களில் சேரும் ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் மூன்றைக் கேட்க வேண்டும்: மணிக்கணக்கு இல்லாத மாதச் சம்பளம், பாடம் தயாரிக்கவும் திருத்தவும் ஆகும் நேரத்துக்கு ஊதியம், அடுத்த நிலைத் தேர்வுக்கான கட்டணமும் படிப்பு விடுப்பும். தர மறுக்கும் இடத்தில், அவர்களுடைய மாணவர்களில் எத்தனை பேர் ஜப்பானில் ஓராண்டைத் தாண்டி வேலையில் நீடித்தார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.