விசுவாசக் குறைவு என்றொரு பழி

ஒக்கி புயல் அடித்து ஓய்ந்த பின், 2017 டிசம்பரில், குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் விசைப்படகில் பல நாள் தங்கித் தொழில் செய்யப் போனவன். உடலும் வரவில்லை, தகவலும் வரவில்லை. ஆறுதல் சொல்ல ஒரு பெண் வந்திருந்தார். நல்ல மனுஷி, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து, மறுத்த தாயின் வாயில் ஊட்டியும் விட்டார். புறப்படும்போது அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வீட்டுல ஜெபம் கொறஞ்சு போச்சு அக்கா. அதான் ஆண்டவரு இப்பிடிப் பேசுறாரு.”

அந்தத் தாய் தலையாட்டினார். மறுத்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. மகனைக் கடல் கொண்டுபோயிற்று. கொண்டுபோகச் செய்த குற்றம் தன்னுடையது என்று அன்று முதல் அவர் சுமக்கத் தொடங்கினார்.

நம் கிறிஸ்தவ வீடுகளில் வேரோடிப்போன நம்பிக்கை இது. பேரிடர் வந்தால் அது பாவத்துக்குத் தண்டனை. தப்பித்தவர் விசுவாசத்தால் தப்பித்தார். மாண்டவரிடம் ஏதோ குறை இருந்தது. யாரும் இதை இப்படி முழுதாகச் சொல்வதில்லை. சாட்சி சொல்லும்போது பாதி வரும்: “தெரு முழுக்கத் தண்ணி, எங்க வீட்டு வாசப்படியோட நின்னுடுச்சு.” மீதிப் பாதியை எதிர்வீட்டுக்காரர் தானே புரிந்துகொள்ள வேண்டும். உயிர் தப்பியவர் நன்றி சொல்வதை நான் குறை சொல்லவில்லை. அந்த நன்றி, பக்கத்துப் பிணத்தின் மேல் எழுதும் தீர்ப்பாக மாறுவதைத்தான் எதிர்க்கிறேன்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். குமரிக் கரையின் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிறன்று தொழிலுக்குப் போகும் வழக்கம் இல்லை. வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன, ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி படகுக்கு அடியில் பெரிதாகத் தெரியாமல் கடந்துபோகும். கரையை நெருங்கும்போதுதான் அது சுவராக எழும். அன்று கடலுக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள், ஓய்வுநாளை மதித்ததால் அலை வந்த இடத்தில் இருந்தார்கள். கீழ்ப்படிந்தவனுக்குத் தண்டனை, மீறியவனுக்குப் பாதுகாப்பு என்றாகிறதே, இதற்கு அந்தப் பாவ-தண்டனைக் கணக்கு என்ன பதில் வைத்திருக்கிறது?

அதே நாளில் வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை இன்றும் அற்புதமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததற்கு நானும் மகிழ்கிறேன். ஆனால் அதே ஆலயத்துக்கு வந்து, அதே மாதாவிடம் வேண்டிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போன யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள்தான். அற்புதத்தைச் சொல்லும் வாய் அவர்களையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இந்தக் கணக்கு நம் ஊரில் பிறந்ததும் அல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாளன்று காலையில் லிஸ்பன் நகரம் குலுங்கியது. கோயில்கள் நிறைந்திருந்தன, பூசையில் இருந்தவர்கள் மேலேயே கூரைகள் விழுந்தன. மறு ஆண்டு மலகிரிதா என்ற இயேசு சபைக் குரு, இதற்குக் காரணம் மக்களின் பாவமே என்று ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒண்டக் குடிசை போடுவதைவிட மனம் வருந்துவதே முக்கியம் என்பது அவர் வாதம். பிணங்களை அடக்கி, வீடிழந்தவர்களுக்குச் சோறும் கூரையும் தேடவேண்டிய நேரத்தில் வந்த வாதம் அது.

“வேதத்தில் இருக்கிறதே” என்பார்கள். வேதத்தையே திறப்போம். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். லூக்கா 13-ஆம் அதிகாரம். அடுத்த வரியில் மனந்திரும்பச் சொல்கிறாரே என்று சிலர் மடக்குவார்கள். ஆம், சொல்கிறார். யாரிடம்? உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம். இடிபாட்டுக்குள் கிடந்த 18 பேர் மேல் அவர் ஒரு சொல்லும் எறியவில்லை. நாம் முதல் வரியை விட்டுவிட்டு, இரண்டாம் வரியை எடுத்து இழவு வீட்டுக்குப் போகிறோம்.

அதே வேதத்தில், எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நண்பர்கள். வாயைத் திறந்து “உன் பாவம்தான்” என்றபோது வாதிகளாக மாறினார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபப்படுவது, தன்னைக் கேள்விகேட்ட யோபுவின் மேல் அல்ல. தனக்காக வாதாடிய அந்த மூவர் மேல். அவர்களுக்காக யோபுதான் செபிக்க வேண்டியிருந்தது. தூக்குவாளியோடு வந்த அந்தப் பெண்ணுக்கு இதை யாராவது பிரசங்கத்தில் சொல்லியிருக்கலாம்.

பாதுகாப்பை வாக்களிக்கும் 91-ஆம் சங்கீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசலில் ஒட்டுகிறோம், வண்டியில் ஒட்டுகிறோம், புயல் என்றதும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பயந்த இரவில் அதைச் சொல்லி உறங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நற்செய்தியில் அந்தப் பாடலை எடுத்து, “தூதர்கள் தாங்குவார்கள், குதி” என்கிற அர்த்தத்தில் பேசுபவன் யார்? ஆலய உச்சியில் நிற்கும் சாத்தான். அதைக் காப்பீட்டுப் பத்திரமாகக் காட்டியபோது இயேசு மறுத்துவிட்டார். பின்னாளில் சிலுவையில் அவர் கதறியது 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை, கைவிடப்பட்டவனின் அழுகையை. அவருக்கும் விசுவாசக் குறைவா?

“காரணம் தெரிந்தால் மனசு ஆறும், கொடுமையான காரணமானாலும் பரவாயில்லை” என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஒன்றுமே புரியாத இருட்டைவிட, தன் தப்பு என்று நினைப்பதுகூட ஒரு பிடிமானம்தான். ஆனால் அந்தப் பிடிமானத்துக்கு விலை கொடுப்பவர் அழுகிறவர். லாபம் அடைகிறவர்கள் வேறு: பதில் சொல்ல வேண்டியவர்கள். 2004-இல் சுமத்ராவில் பூமி அதிர்ந்து நாகப்பட்டினத்தில் அலை ஏறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எச்சரிக்கை சொல்வதற்கு அப்போது ஓர் அமைப்பு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான். குளச்சல் பக்கம் கொட்டில்பாட்டில் அலைக்குப் பயந்து ஓடியவர்கள் ஏ.வி.எம். கால்வாயில் விழுந்து இறந்தார்கள். ஒக்கிக்கான புயல் எச்சரிக்கை வந்தபோது எங்கள் ஆட்கள் கரைக்குத் திரும்ப முடியாத தூரத்தில் இருந்தார்கள். எல்லாவற்றையும் “பாவம்” என்று மூடிவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகளும் அதே குழியில் அடக்கமாகிவிடும்.

விசுவாசம் பலம் தருமா என்றால், தரும். என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒக்கியின்போது ஊர் ஊராகப் பங்குத்தந்தையர் உட்கார்ந்து, எந்தப் படகு, எத்தனை பேர், யார் திரும்பவில்லை என்று பட்டியல் எழுதினார்கள். மீனவர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நடந்துபோய் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குருக்களும் கூடவே இருந்தார்கள். வீட்டில் இருந்து செபிக்கலாமே என்று தொலைக்காட்சி பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. அந்தத் தண்டவாளத்தில் நடந்ததும் செபம்தான். ‘எங்கள் பிள்ளைகள் எங்கே’ என்பதைவிடப் பழைய மன்றாட்டு எது?

லாசருவின் கல்லறை முன்னால் இயேசு அழுதார். சில நிமிடங்களில் அவனை எழுப்பப் போகிறவர், அதற்கு முன் நின்று அழுதார். லாசருவின் சகோதரி மரியாளிடம் “உன் ஜெபம் பத்தவில்லை” என்று அவர் சொல்லவில்லை.

நம் உபதேசியார்களிடமும் ஜெபக்குழுத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். சங்கீதப் புத்தகத்தில் 88-ஆவது பாட்டு ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா அழுகைப் பாட்டும் கடைசியில் நம்பிக்கைப் பக்கம் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே நின்றுவிடும். அதையும் வேதம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அடக்க வீட்டில் அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அடுத்த முறை உடல் கிடைக்காத ஒரு வீட்டுக்குப் போகும்போது 91-ஐ மூடிவைத்துவிட்டு இதை வாசியுங்கள். விளக்கம் வேண்டாம். வாசித்து முடித்ததும் அந்தத் தாயின் பக்கத்தில் பாயில் உட்காருங்கள். அவர் பேசும்வரை நீங்கள் பேசாதீர்கள்.